எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காதுங்க!

ஊருக்குப் போற சீசன் வந்தாச்சு. மொட்டை, காதுகுத்துன்னு பாதிப் பேருக்குத் திருமலைப் பயணம் இருக்கும். அலிபிரியில பையைத் திறந்து சிகரெட், சரக்கு இருக்கான்னு பார்ப்பாங்க. நல்ல விஷயம். ஆனா வாடகைக் காரோட பிரேக் பைப்பைப் பத்தி நம்மள்ல யாராவது கேட்டிருக்கோமா? கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுவோம். இதைக் கேக்க மாட்டோம். சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சே!

ஒரு கணக்கு. இறங்குற பாதை 1944-ல் திறந்த பழைய மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு. உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். ஆளும் லட்டுமா 1500 கிலோ வண்டி இறங்கினா சுமார் 1 கோடி ஜூல். 35 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். கொஞ்சத்தை இன்ஜினும் காத்தும் வாங்கிக்கும், மிச்சமெல்லாம் பிரேக் தலையில.

அந்த பிரேக்குக்கு அழுத்தம் கொண்டுபோறது 4.75 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். நட்டுக்குள்ள வாஷர், ரப்பர் எதுவும் கிடையாது. விரிச்ச முனைதான் சீல். அதனாலதான் முனையை உள்பக்கமா மடிச்சு ரெட்டையாக்கணும், டபுள் ஃப்ளேர். ஒத்தை மடிப்பு இறுக்கும்போதே கீறலாம். அன்னிக்கு ஒழுகாது, அதிர்ந்து அதிர்ந்து அப்புறம் ஒழுகும்.

போன தடவை ஒரு பட்டறையில (பேர் வேணாம்) ஹேக்ஸா பிளேடால அறுத்து, ஃப்ரிட்ஜ் வேலைக்கான செம்புக் குழாயை மாட்டி ஒத்தை ஃப்ளேர் அடிச்சாங்க. கேட்டா, "இருபது வருஷமா இப்படித்தான் சார்." இதைத்தான் நாம 'நம்மாளு மூளை'ன்னு மெயில்ல ஃபார்வர்டு பண்ணி சிலாகிக்கிறோம். செம்பு அதிர்வுல இறுகி வெடிக்கும் சாமிகளா!

நான் இருக்கிற மிஷிகன்ல ரோட்டு உப்பு பிரேக் பைப்பைத் தின்னுடும், அதனால இந்த வேலை இங்க சகஜம். ராக்கெட் வித்தை இல்லை. பைப் கட்டரால நேரா வெட்டணும், உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்கணும். டைக்கு மேல பைப் எவ்வளவு நீட்டணும்ங்கிறதுக்கு அடாப்டரோட படி உயரம்தான் அளவு, கண்ணளவு கூடாது. ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு அடாப்டரை அழுத்தினா முனை உப்பும். அடாப்டரை எடுத்துட்டு கூம்பால அழுத்தினா உள்ளே மடியும். கோணலா இருந்தாலோ கீறல் தெரிஞ்சாலோ வெட்டி எறிஞ்சுட்டு மறுபடி. ஐரோப்பிய வண்டிகள் பலதுக்குக் குமிழ் முனை. ஒண்ணுக்கு இன்னொண்ணை மாட்டினா எவ்வளவு இறுக்கினாலும் உக்காராது.

"ரெண்டு சர்க்யூட் இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்குமே"ன்னு ஒரு அறிவாளி பின்னூட்டம் போடுவார். பிடிக்கும் சார். முழுச் சூட்டையும் அந்தப் பாதி வாங்கிக்கிட்டு, 36 வளைவுல மிச்சம் எத்தனையோ அத்தனைக்கும்!

கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓடவிட்டு பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. மெல்லக் கீழே இறங்கினா வேற வண்டி. சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் இருந்தாலும் வேற வண்டி. பைப் மாத்தியிருக்கேன்னு சொன்னா யார் மாத்தினாங்க, எந்த ஃப்ளேர்னு கேளுங்க. டிரைவரண்ணன் கோவிச்சுக்குவார்தான். கோவிச்சுக்கட்டும், கீழே வந்து காபி வாங்கிக் கொடுத்துக்கலாம்.