படைக்குச் செல்லுமுன் கணக்குப் பார்க்க!

விடியற்காலையில் ஏரிக்கரையிலும் பள்ளித் திடலிலும் ஓடிப் பழகும் இளைஞர்களை வேலூர்ப் பக்கத்திலும் தென்மாவட்டங்களிலும் இன்றும் காணலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, படைஞர் ஊர் என்றே பெயர்பெற்றது. இத்தகைய ஊர்களில் படைக்குச் செல்ல விரும்பும் பிள்ளைக்கு அறிவுரை கூறுபவர், ஓய்வுபெற்று வந்த சிற்றப்பனோ தாய்மாமனோதாம். “பதினைந்தாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இரு, பிறகு வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம்” என்பது அவர் கூற்று. அவர் பொய் கூறவில்லை. ஆனால் அவர் பணியாற்றிய முறை வேறு. பிள்ளை சேரப்போகும் முறை வேறு.

2022 சூன் திங்களில் நடுவணரசு ‘அக்கினிபத்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. (தீப்பாதை என்று தமிழில் சொன்னால் யார் கால் சுட்டுவிடுமோ, தெரியவில்லை!) இதன்படி, பதினேழரை அகவை நிரம்பிய மணமாகாத இளைஞர், பயிற்சிக்காலத்தையும் சேர்த்து நான்கே ஆண்டுகளுக்கு எடுக்கப்படுகின்றனர். அதன்பின் நூற்றுக்கு இருபத்தைவர் வரையில்தாம் நிலையான பணிக்குக் கொள்ளப்படுவர் என்பது அன்று வகுத்த முறை. எஞ்சிய எழுபத்தைவர் இளம் அகவையிலேயே வீடு திரும்பவேண்டியவரே. அவர்க்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

‘நான்காண்டில் கையில் 11.71 இலக்கம் உரூபா கிடைக்கிறதே’ என்பார் உளர். அக் கணக்கைச் சற்றே பிரித்துப் பார்த்தல் வேண்டும். முதலாண்டு ஊதியம் திங்களுக்கு 30,000 உரூபா; நான்காமாண்டில் 40,000. இதில் நூற்றுக்கு முப்பது பிடிக்கப்பட்டு, முதலாண்டில் கைக்கு வருவது 21,000 மட்டுமே. நான்காண்டுப் பிடித்தம் 5.02 இலக்கம், அதே அளவு அரசு இடுவது, இரண்டுக்கும் சேர்ந்த வட்டி. இவைதாம் அந்தப் 11.71 இலக்கம். ஆகலின், கொடையெனப் புகழப்படும் தொகையில் ஏறத்தாழப் பாதி அவன் சொந்த உழைப்பு ஊதியமே! இடையில் தானே விலக விரும்பினாலோ, தனிப்பட்ட இசைவு பெற்றாலன்றி வெளியேறவியலாது. வெளியேறினாலும் தன் பங்கும் அதன் வட்டியும்தாம் மிஞ்சும், அரசின் பங்கு இல்லை. பணிக்காலத்தில் உயிர்போனால் 48 இலக்கம் உரூபாக் காப்பீடு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இவற்றால், படைக்குச் செல்லவே கூடாது என்பது பொருளன்று. வெள்ளையன் காலந்தொட்டு வரும் மதராசு படைப்பிரிவு நீலமலை வெலிங்டனில் இன்றும் உள்ளது. ‘அடி கொல்லு’ என்னும் அதன் போர்முழக்கம் நம் மொழியிலேயே எழுகிறது. உடலுரமும் ஒழுங்கும் கைவரப்பெற்று, ஒரு தொகையும் கொண்டு ஊர் திரும்புதல் சிலர்க்கு நல்ல தொடக்கமாகவே அமையும். கேடு யாதெனின், பத்தாம் வகுப்போடு படிப்பை முறித்துக்கொண்டு போவதே. திரும்பி வருங்கால் பன்னிரண்டாம் வகுப்புக்கூட முடிக்காதவனுக்குக் காவலாளி வேலையன்றி வேறென்ன காத்திருக்கும்? மைய ஆயுதக் காவற்படைகளில் நூற்றுக்குப் பத்து ஒதுக்கீடு என 2022-இல் அறிவித்தனர். திரும்பி வருவோர் அனைவர்க்கும் அவ் விடங்கள் போதா என்பதைக் கணக்கறிந்த எவனும் சொல்வான். ஆதலால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் போவதும், கூடுமாயின் ஒரு கைத்தொழிற் பயிற்சியையும் முன்னரே பெறுவதும் அறிவுடைமை.

இன்னொன்றும் உண்டு. படைஞனாக எடுக்கும் தேர்வைத் தமிழில் எழுதலாம் என 2025-இல் வழிசெய்தனர். ஆனால் படை அலுவலராக்கும் கடக்குவாசலாக் கழகத்துத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அதன் 900 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்திற்கே உரியது. அதாவது, துமுக்கி தூக்கத் தமிழ் போதும். கட்டளையிடத் தமிழ் போதாது! இந்த முறைகேட்டை எதிர்த்துக் கேட்கவேண்டியது ஒருபுறம். அதுவரை, கணக்கில் வல்ல தமிழ்வழி மாணவன் பதினோராம் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் ஈராண்டு உழைத்து அத் தேர்வையும் எழுதிப் பார்த்தல் மறுபுறம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தேர்வு அது. 2021-இல் பெண்களுக்கும் வழி திறந்துவிட்டது. பட்டம் பெற்றோர் சென்னைப் பரங்கிமலைப் பயிற்சிக்கழகத்தின் வழியாகவும் அலுவலராகலாம். நம் சிற்றூர்ப் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர் இவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கின்றனர்?

இறுதியாக, ‘இரண்டு இலக்கம் கொடு, இடம் வாங்கித் தருகிறேன்’ என்னும் தரகரிடம் நிலத்தை அடகுவைத்துக் கொடுத்து ஏமாறும் பெற்றோர்க்கு ஒரு சொல். படையில் சேர்வதற்கு எவர்க்கும் கையூட்டுத் தரவேண்டியதில்லை. சென்னை, கோவை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் தரைப்படையின் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் உள்ளன. பேருந்துக் காசு ஒன்றே செலவாக, பிள்ளையையும் அழைத்துச் சென்று நேரிற் கேட்டுக்கொள்ளலாம்.