லாரியை நிறுத்தும் முன் வாடகையைப் பேசுங்கள்

சங்கத்தில் மறுபடியும் ஸ்டிரைக் பேச்சு. டீசல் விலை ஏறும்போதெல்லாம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்தப் பேச்சும் கூடவே ஏறும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அங்கே கை தூக்கும் உரிமை. எங்கள் லாரி வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. லாரியின் கணக்கு நோட்டு மட்டும் என்னிடம்.

எங்கள் ஊரில் லாரி வைத்திருப்பவர் என்றாலே பெரிய முதலாளி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஐம்பது வண்டி ஓட்டுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதைவிட அதிகம், எங்களைப் போல ஒற்றை வண்டிக்காரர்கள். அவரே ஓட்டுவார், உடம்புக்கு முடியாத நடைக்கு ஒரு டிரைவர். வண்டியின் பாதி பைனான்ஸ்காரருடையது. கிளீனர் என்ற ஆளே இப்போது கிடையாது. தார்ப்பாய் கட்டுவதிலிருந்து டயர் கழற்றுவது வரை ஸ்டியரிங் பிடித்தவர்தான் செய்கிறார்.

நோட்டில் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன். பத்துச் சக்கர லாரி லோடோடு போனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும். தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றம் வந்தால் அதுவும் இல்லை. மாதத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினால் 2,000 லிட்டர். பங்கில் ஒரு ரூபாய் ஏறினால் எங்கள் நோட்டில் 2,000 ரூபாய் ஏறும். 2021 நவம்பரிலிருந்து ஐந்து மாநிலத் தேர்தல் முடியும் வரை அசையாமல் இருந்த விலை, 2022 மார்ச் 22-இல் ஏற ஆரம்பித்து, ஏப்ரல் 6-க்குள் 14 தவணையில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. மாதம் 20,000 ரூபாய். அந்த மாதம் வாடகையை ஏற்றித் தரச் சொல்லி புக்கிங் ஆபீசில் கேட்டேன். "நீங்க ஏத்தலைன்னா விடுங்கக்கா, பின்னாடி நாலு வண்டி நிக்குது" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை, நாலு வண்டி நின்றது. அதில் ஒன்று எங்கள் தெருக்காரருடையது. பழைய வாடகைக்கே அவர் ஏற்றிக்கொண்டு போனார்.

டீசல் ஏறியது ஒரு நஷ்டம்தான். ஏறிய டீசலை வாடகையில் கேட்க முடியாமல் நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம். ஸ்டிரைக் கோரிக்கைகளில் முதல் நஷ்டம் எப்போதும் முதல் வரியில் இருக்கிறது. இரண்டாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விலையைக் குறைக்கச் சொல்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் தரைமட்டமாகக் கிடந்தபோது, மத்திய அரசு ஒரே ராத்திரியில் டீசல் மீது 13 ரூபாய் கலால் வரி போட்டது. மொத்தக் கலால் 31 ரூபாய் 83 காசு ஆனது. அதே வாரம் தமிழக அரசும் தன் பங்குக்கு டீசல் வரியை ஏற்றியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது திமுக. ஆட்சிக்கு வந்ததும் 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலைத் தொடவில்லை. ஜி.எஸ்.டி.க்குள் கொண்டு வாருங்கள் என்று கேட்டோம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில், இது அதற்கான நேரமில்லை என்று முடித்துவிட்டது. டெல்லியும் சென்னையும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகும். வரி என்றால் இரண்டு பேருக்கும் டீசல் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களை லாரியை நிறுத்தி வழிக்குக் கொண்டுவர முடியுமா? முயன்று பார்த்தோமே. 2018 ஜூலை 20 முதல் 27 வரை எட்டு நாள் நாடு முழுக்க லாரிகள் நின்றன. அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் அழைத்த ஸ்டிரைக். டீசல், டோல்கேட், இன்சூரன்ஸ் என்று நீண்ட பட்டியல். கமிட்டி போடுகிறோம் என்று சொன்னார்கள், வண்டியை எடுத்தோம். அந்த ஸ்டிரைக் தொடங்கும் நேரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பை அரசு உயர்த்தியது. 25 டன் வண்டிக்கு 28.5 டன், 37 டன் வண்டிக்கு 43.5 டன். ஓவர்லோடு கேஸ் குறையும் என்று எங்களில் பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆறு வண்டியில் போன சரக்கை ஐந்து வண்டியில் ஏற்ற முடிந்தால் ஆறாவது வண்டி என்ன செய்யும்? புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கும். நின்றவர் குறைந்த வாடகைக்குச் சம்மதிப்பார். அந்த எட்டு நாள் போராட்டம் முடிந்தபோது என் நோட்டில் பதிந்தது இதுதான்.

போன கூட்டத்துக்கு வீட்டுக்காரர் லோடில் இருந்ததால் சந்தா கட்ட நான் போயிருந்தேன். பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சக்கரம் சுத்தக் கூடாது, தேதி மட்டும் குறியுங்கள் என்றார் ஒரு பெரியவர். அவருடைய வண்டிகளுக்கெல்லாம் கடன் முடிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். "பத்தாந்தேதி டியூ கட்டோணும். பைனான்ஸ்காரர் ஸ்டிரைக் பண்ணுவாருங்களா?" என்று ஒரு இளவட்டம் கேட்டது. சிரித்தார்கள். வாசல் ஓரம் நின்றிருந்த டிரைவர் ஒருவர், "வண்டி நின்னா படி உண்டுங்களா?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்தவர் டோல்கேட்டைப் பற்றிப் பேச எழுந்துவிட்டார்.

எங்கள் பக்கம் பெரும்பாலான டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம் என்றுதான் பேச்சு. வண்டி நின்றால் அவர் வீட்டு அடுப்பும் நிற்கும். பேப்பர்களில் "லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்" என்று தலைப்பு வருகிறது. தேதியைக் குறித்தவர்களில் ஓட்டுநர் எத்தனை பேர்? ஓட்டுநர்களே கிளம்பினால் எப்படி இருக்கும் என்பதை 2024 ஜனவரியில் பார்த்தோம். உயிர்ப்பலி விபத்து செய்துவிட்டுப் போலீசில் சொல்லாமல் போனால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவுக்காக வட மாநிலங்களில் வண்டியை ஓரம் கட்டினார்கள். பங்குகளில் வரிசை நீண்டது. இரண்டே நாளில் மத்திய உள்துறைச் செயலர் பேச்சுக்கு வந்தார். ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுநர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டார்கள்.

நாமும் ஒன்றையே கேட்போம். டீசல் ஏறினால் வாடகை தானாக ஏற வேண்டும், இறங்கினால் இறங்கட்டும்.

இது புதுச் சரக்கில்லை. எண்ணெய் நிறுவனங்கள் கேஸ் டேங்கர் லாரிகளோடு போடும் ஒப்பந்தத்திலேயே இந்த விதி இருக்கிறது. டீசல் விற்பவர்களே, டீசல் ஏறினால் வாடகையும் மாற வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போடும் பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்களும் இதை எழுதி வாங்கிவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து லோடு எடுக்கும் ஒற்றை வண்டிக்காரருக்குத்தான் இது வந்து சேர்வதில்லை.

சங்கமே கூடி வாடகையை நிர்ணயிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. 2012 செப்டம்பரில் டீசல் ஒரேயடியாக 5 ரூபாய் ஏறியபோது வாடகையை 15 சதவீதம் ஏற்றுவதாக அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் தலைமை அறிவித்தது. அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் தீர்ப்புச் சொன்னது. மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் ஒரே நாளில் ஏறக்குறைய ஒரே அளவு விலையை ஏற்றலாம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கட்டுப்படியாகாத வாடகைக்கு ஏற்ற மாட்டோம் என்று எழுதி ஒட்டினால் கூட்டுச்சதி. இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67. பஸ், ஆட்டோ, டாக்சிக்கு மட்டுமல்ல, சரக்கு வண்டிக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணத்தை நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. டெல்லிக்குப் போகவே வேண்டாம், கோட்டைக்குப் போனால் போதும். 2013-இல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்ததே, அதே அதிகாரத்தை லாரிக்கும் பயன்படுத்தலாம். ஆட்டோக்காரர்கள் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. ஒரு தொகையை அறிவித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அதைத் திருத்தவே இல்லை. ஆகவே தொகையைக் கேட்காதீர்கள், சூத்திரத்தைக் கேளுங்கள். டன்னுக்கு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, டீசல் இத்தனை ரூபாய் ஏறினால் இவ்வளவு கூட என்று எழுதி வாங்குங்கள்.

மகாராஷ்டிரத்துக்குப் போகும் லோடுக்கு இது செல்லுமா, குறைத்து ஏற்றுபவரை யார் பிடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். வெளிமாநில லோடு பிறகு வரட்டும். முதலில் மாநிலத்துக்குள் ஓடும் சிமெண்ட், நெல், அரிசி, முட்டை லோடுகளுக்குப் போடட்டும். அரசே சரக்குக் கொடுக்கும் இடங்களில் நாளைக்கே தொடங்கலாம், அங்கே பிடிக்க வேண்டிய ஆள் அரசேதான். அரசாணை வந்தாலும் குறைத்து ஏற்றுபவர்கள் இருப்பார்கள். எங்கள் தெருக்காரரும் இருப்பார். ஆனால் புக்கிங் ஆபீசில் நான் கேட்கும்போது என் கையில் ஒரு காகிதம் இருக்கும். இப்போது வெறுங்கையோடு நிற்கிறேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ஸ்டிரைக் தேதியைக் கொண்டு வராதீர்கள். பிரிவு 67-இன் தமிழ்ப் பிரதியையும், போக்குவரத்து அமைச்சருக்குக் கொடுக்க ஒரு பக்க மனுவையும் கொண்டு வாருங்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் அப்போது லாரியை நிறுத்தலாம், நானும் தடுக்க மாட்டேன். ஆனால் தேதி குறிக்கும் முன், நிற்கும் நாட்களுக்கு டிரைவர் படியை யார் தருவது என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாசலில் நின்று கேட்டவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.