அடுப்புப் புகைக்கு எச்சரிக்கை இல்லையா?

சினிமாவில் நாயகன் சிகரெட் பற்றவைத்தால் உடனே திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வந்துவிடும். அதே படத்தில் அம்மா விறகடுப்பின் முன் குந்தி, ஊதுகுழலால் ஊதி, கண் கலங்கி இருமினால் எந்த எச்சரிக்கையும் வராது. அது பாசக் காட்சியாம்!

கச்சிராயபாளையத்திலும் அதற்கு மேலே கல்வராயன் மலைக் கிராமங்களிலும் எரிவது சுள்ளியும் விறகும் மரவள்ளிக்குச்சியும்தான். அரைகுறையாக எரியும் விறகிலிருந்து வரும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கில் தங்குவதில்லை, நுரையீரலின் அடிவரை போகின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் மூச்சுக்குழல்கள் சுருங்கி நிரந்தரமாகச் சேதமடைகின்றன. பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு சிஓபிடி என்னும் நுரையீரல் அடைப்பு நோய் வருவது இப்படித்தான். ஊரில் அதற்குப் பெயர் 'வீசிங்', அல்லது 'வயசாயிடுச்சு'.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வழியில்லை. 'ஹேப்பின்' என்ற பன்னாட்டு ஆய்வு 2018-ல் தொடங்கியபோது இந்தியாவில் அது நடந்த இடங்கள் நாகப்பட்டினமும், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சிப் பகுதியும். நடத்தியது சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள், இங்கே மட்டும் 800 பேர். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச சிலிண்டரும் கொடுத்தார்கள். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், விறகுப் பெண்கள் சுவாசித்த துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம், காஸ் பெண்களுக்கு 24.

ஆனால் 2022-ல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2024-ல் வந்ததில் கடும் நிமோனியாவும் குறையவில்லை. உடனே "பார்த்தீர்களா, காஸால் பயனில்லை" என்று கிளம்பிவிட்டார்கள் சிலர். கர்ப்பம் தரித்துச் சில மாதம் கழித்து வந்த அடுப்பு, ஒரு வயதுக் குழந்தை. இவற்றை வைத்து, முப்பது வருடம் புகை குடித்த பாட்டியின் நுரையீரலுக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. சிலிண்டர் இலவசமாக வீடு தேடி வந்தபோது அந்தப் பெண்கள் விறகைக் கிட்டத்தட்ட முழுதாகவே விட்டுவிட்டார்கள். "நம் ஜனங்களுக்கு விறகுச் சமையல் ருசிதான் பிடிக்கும்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. (அந்த ருசியை மெச்சுகிறவர்கள் 'விறகு அடுப்பு பிரியாணி' போர்டு பார்த்து ஹோட்டலுக்குள் நுழைகிறவர்கள், அடுப்பு ஊதுகிறவர்கள் அல்லர்!)

2007-ல் தமிழக அரசின் இலவச காஸ் அடுப்பு வந்தது. 2016-ல் உஜ்வாலா வந்தது. இரண்டிலும் விளம்பரம் செய்தது எத்தனை அடுப்பு, எத்தனை இணைப்பு என்றுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்போதும் நாட்டின் கிராமப்புற வீடுகளில் சுமார் 43 சதவீதமே சுத்தமான எரிபொருளில் சமைத்தன. முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்ததற்கான பணம் கூலிக்காரர் வீட்டில் எங்கிருந்து வரும்? விறகுக்குக் காசு இல்லை, காடு பக்கத்திலேயே இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை சிலிண்டர் மாற்றினார்கள் என்ற கணக்கைக் கல்வராயன் மலையில் குக்கிராமம் குக்கிராமமாக எடுத்து, ரேஷன் கடை வாசலில் ஒட்டட்டும். எந்த வீட்டில் அடுப்பு பரணில் கிடக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.