பகலுக்கென்று ஒரு நகை



நகை என்றால் மின்ன வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். காலை முகூர்த்தத்துக்கே வைரத்தோடு போட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். விக்டோரியா காலத்துப் பிரிட்டனில் வசதியான வீட்டுப் பெண்கள் இதைக் கண்டால் முகம் சுளித்திருப்பார்கள். அவர்களுக்கு வைரம் ராத்திரி விருந்துக்கு. பகலில் வெளியே போய்வர அடக்கமான கற்கள்தான். அவற்றில் என் மனம் போவது, தங்கத்தில் பதித்த அகேட் கல்லின் பக்கம்.

அகேட் பளிச்சிடாது. அதன் அழகெல்லாம் உள்ளே அடுக்கடுக்காகப் படிந்த வரிகளில் இருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவை எடுபடாது. பகலில் பார்த்தால்தான் சாம்பலுக்கும் பழுப்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும்.

1842இல் விக்டோரியா அரசி முதன்முறையாக ஸ்காட்லாந்து போனார். பத்தாண்டு கழித்து பால்மோரல் மாளிகை அரச குடும்பத்துக்குச் சொந்தமானது. அதோடு, அகேட் போன்ற ஸ்காட்லாந்துக் கல் பதித்து உடையில் குத்தும் புரோச்சுகளுக்கு மவுசு ஏறிற்று. ஆனால் அந்தப் பெயரில் விற்ற கல்லெல்லாம் அந்த மண்ணில் கிடைத்ததல்ல. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் பட்டை தீட்டியவையும் அதில் கலந்திருந்தன. அங்கே தொழிலாளிகள் மரச்சட்டத்தின் மேல் குப்புறப் படுத்து, தண்ணீர் விசையில் சுழலும் பெரிய மணற்கல் சக்கரத்தில் கல்லை அழுத்தித் தேய்த்தார்கள். நாளெல்லாம் ஈரத்திலும் தூசியிலும் கிடந்த அந்த உடம்புகளைப் பற்றி நகை விளம்பரங்கள் பேசியதில்லை. உள்ளூர்க் கல் தீர்ந்துவந்தபோது, 1830களிலிருந்து பிரேசில் கல் கப்பலேறி வந்தது. அதைக் கறுப்பாக்கச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். கல்லின் நுண்துளைகளில் இறங்கிய சர்க்கரை கரியாகிவிடும். சமையலறைப் பண்டம் செய்யும் வேலையைப் பாருங்கள்!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இப்படியொரு பழைய புரோச்சை வாங்கி வந்தால், தங்கம் மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1854 முதல் 1932 வரை பிரிட்டனில் 15 காரட் சட்டப்படி செல்லும் தரம், பின்பக்கம் 15, .625 என்ற முத்திரை இருக்கலாம். நம் 22 காரட்டைவிடக் கெட்டியானது, கல்லை இறுக்கிப் பிடிக்கும். ஸ்காட்லாந்து நகைகளில் பல, கல்லுக்கு அடியில் ஸ்லேட் பலகை கொடுத்து அரக்கு வைத்து ஒட்டியவை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கல் பெயர்ந்துவரும். மெத்தென்ற துணியால் துடைத்தாலே போதும். நம் கைத்தறிப் பருத்திப் புடவையின் தோள்மடிப்பில், காலை பத்து மணிக்குக் குத்திப் பாருங்கள்.