கிராமத்தின் குரலும் அதற்கேற்ற பயிற்சியும்

நமது விவசாயிகளுக்கு ரேடியோ புதிய வஸ்துவன்று. 1960-ஆம் வருஷங்களில் வானொலியில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப்பற்றி விடாது எடுத்துரைத்ததன் பயனாக, தஞ்சை ஜில்லாவில் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. நிபுணர் கூறியதைக் கேட்டுக் குடியானவர் நடந்துகொண்டதற்கு இது தக்க திருஷ்டாந்தமாகும். ஆயினும், அம்முறையில் பேச்சு பெரும்பாலும் ஒரே திசையிற் சென்றது. குடியானவர் கேட்பவராகவே இருந்தார். பேசுபவராக இருந்தது சொற்பம். இக்குறையை நீக்கும் மார்க்கம் இன்று உண்டு. அதைக் கைக்கொள்ளப் பயின்றவர்கள்தாம் கிராமங்களில் போதவில்லை.

ஒலிபரப்புக்குரிய வான் அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புரைத்தனர். பின்னர் 2002-ல் கல்வி ஸ்தாபனங்களுக்கும், 2006-ல் பொதுத்தொண்டு ஸ்தாபனங்கள், விவசாயப் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றிற்கும் சமுதாய வானொலி நடத்த வழி ஏற்பட்டது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் இத்தகைய நிலையத்தைத் தொடங்கிற்று. நிகழ்ச்சிகளிற் பாதியேனும் அவ்விடத்து ஜனங்களின் பங்கோடு தயாராக வேண்டுமென்பது 2006-ஆம் வருஷத்து விதி. விதி நல்லதே; ஆனால் தயாரிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாவிடில் அது ஏட்டளவில் நின்றுவிடும்.

தெலுங்கானாவைச் சேர்ந்த மச்சனூர் கிராமத்தைப் பார்க்கலாம். அங்கே 2008-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கிற்று. அதை நடத்துவோர் தலித் வகுப்பைச் சேர்ந்த கிராமப் பெண்கள். உரிமம் கிடைப்பதற்குப் பல வருஷங்கள் முன்னரே அவர்கள் விதை, சிறுதானியம், நாட்டு வைத்தியம் முதலியவைபற்றிய பேச்சுக்களைப் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் ஒலிநாடாவின் மூலம் கேட்பித்து வந்தனர். பயிற்சி முந்திற்று, உரிமம் பிந்திற்று. அந்நிலையம் வேரூன்றியதற்கு இதுவே முக்கிய காரணமென்பது நமது அபிப்பிராயம்.

இத்தொழிலைக் கற்பது எளிதன்றாயினும் அசாத்தியமுமன்று. காற்றின் இரைச்சலும் பம்புசெட்டின் ஓசையும் புகாமற் பதிவு செய்தல், கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டு விடைக்குப் பொறுத்திருத்தல், பேசியவரின் கருத்துச் சிதையாமல் வேண்டாதவற்றை நீக்குதல், மருந்தின் அளவு போன்றவற்றை விவசாய அதிகாரியிடம் சரிபார்த்தல், பேசியவரின் சம்மதம் பெறுதல் ஆகியவை இதன் அடிப்படைகள். எழுத்து வாசனையில்லாத முதியவரின் அநுபவமும் இவ்வழியிற் பிறருக்குப் பயன்படும்.

“கையிலே செல்போன் இருக்க, ரேடியோ எதற்கு?” என்று சிலர் வினவலாம். செல்போனில் வரும் செய்தியில் மெய்யும் பொய்யும் கலந்திருக்கும்; அனுப்பியவர் யாரென்பதும் பலசமயம் தெரியாது. உள்ளூர் நிலையத்தில் தவறாகச் சொன்னவரையோ, மறுநாள் சந்தையில் நிறுத்திக் கேட்கலாம். இதில் ஜீவனம் நடக்குமா என்பது மற்றொரு ஆட்சேபம். சிறு நிலையங்களில் வருவாய் சொற்பமென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒலிப்பதிவும் தொகுப்பும் கற்றவர், பத்திரிகை, கல்வி, படத்தொழில் ஆகிய துறைகளிலும் வேலை தேடலாம்.

ஆகவே, நிலமுடைய கனவான்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் நமது விண்ணப்பம் இது. படித்த இளைஞர்களில் இருவரையேனும், அவர்களில் ஒருவர் பெண்ணாயிருக்குமாறு, இப்பயிற்சிக்கு அனுப்புங்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுங்கள். நிலையம் வரும்வரை, பதிவு செய்தவற்றைக் கிராமசபையில் கேட்பியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒலிவாங்கியை நாமே பிடித்துக்கொண்டிராமல், நாற்று நடுபவளுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் விட்டுக்கொடுப்போமாக. மடையில் நீர் வரவில்லையென்று அவர்கள் சொல்வது நமக்குச் சங்கடமாயிருக்கலாம். அதைக் கேட்கத் துணியாத ஊரில் வானொலி இருந்தும் பிரயோஜனமில்லை.