சான்றிதழுக்காகவா சேவை?

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969-ம் ஆண்டு செப்டம்பர் 24-ம் தேதி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டபோது, 37 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சுமார் 40 ஆயிரம் மாணவர்களே அதில் இடம்பெற்றிருந்தனர். இன்று இந்த எண்ணிக்கை பல லட்சமாகப் பெருகியிருக்கிறது. எண்ணிக்கை வளர்ந்த அளவுக்கு நோக்கமும் நிறைவேறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சமூக சேவையின் வாயிலாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே இத்திட்டத்தின் குறிக்கோள். கிராமத்துக்கு உதவச் செல்லும் மாணவர், அங்கிருந்து தாமும் கற்றுத் திரும்ப வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதற்காக 2 ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், தத்தெடுக்கப்பட்ட கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாமும் வகுக்கப்பட்டன.

நடைமுறையில் பல கல்லூரிகளில் நடப்பது வேறு. பதாகையுடன் ஊர்வலம், துடைப்பத்துடன் ஒரு புகைப்படம், பதிவேட்டில் கையெழுத்து; இறுதியில் சான்றிதழ். மணிக்கணக்கு நிறைவு பெறுகிறது. மாணவர் மனத்தில் மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை.

தலைநகரில் யமுனைக் கரையைத் தூய்மைப்படுத்தச் செல்லும் மாணவர்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் குப்பை அள்ளிவிட்டுத் திரும்புவோருக்குக் கிடைப்பது களைப்பு மட்டுமே. நஜஃப்கர் கால்வாய் வழியாக நதியில் எவ்வளவு கழிவுநீர் கலக்கிறது, அது ஏன் முழுமையாகச் சுத்திகரிக்கப்படவில்லை, கரையோரக் குடிசைகளில் வாழ்வோர் அதனால் படும் துன்பம் என்ன என்று விசாரித்து அறிபவரோ பொறுப்புள்ள குடிமகனாகத் திரும்புகிறார்.

பொறுப்பு கொடுக்கப்பட்டால் இளைஞர்கள் எவ்வளவு உயர்வார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, நிவாரணப் பொருள் சேகரிப்பு மையங்களில் இரவு பகலாகப் பணியாற்றியவர்களில் மாணவர்கள் ஏராளம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லி ஆக்சிஜனுக்காகத் தவித்தபோது, எங்கே படுக்கை காலியாக இருக்கிறது, எங்கே சிலிண்டர் கிடைக்கும் என்ற தகவல்களைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பகிர்ந்தவர்களிலும் இளைஞர்கள் பலர். தவறான ஓர் எண் ஓர் உயிரையே பறித்துவிடும் என்ற உணர்வு அவர்களுக்கு நிதானத்தையும் பொறுமையையும் கற்றுத் தந்தது. சான்றிதழை எதிர்பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

பேரிடர் வந்தால்தான் இத்தகைய பயிற்சி கிடைக்கும் என்பதில்லை. பள்ளியிலிருந்து நின்றுவிட்ட சிறுமியை மீண்டும் அனுப்புமாறு ஒரு தாயிடம் பேசச் செல்லும் மாணவி, முதலில் அந்தத் தாயின் நியாயத்தைக் கேட்கப் பழகுகிறாள். முகாமின் வரவு செலவைக் கவனிப்பவர் நேர்மையைப் பழகுகிறார். வேறு சாதி, மதம், மொழியினருடன் ஒரே கூடத்தில் உண்டு உறங்குபவரிடமிருந்து பல தப்பெண்ணங்கள் விலகுகின்றன.

சமூகப் பணியை மதிப்பெண்ணுடன் கூடிய பாடமாக்க வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. இது நல்ல வாய்ப்பு, ஆபத்தும்கூட. மதிப்பெண்ணே குறிக்கோளானால், சேவையும் மனப்பாடப் பாடங்களில் ஒன்றாகிவிடும்.

ஒரே கிராமத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றுவதும், திட்டமிடும் பொறுப்பை மாணவர்களிடமே விடுவதும், பணி முடிந்தபின் அதுபற்றிக் கூடி விவாதிப்பதும், பணியின் பயனைக் கிராம மக்களிடமே கேட்டறிவதும் அவசியம். விடுமுறையில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கும் ஏழை மாணவருக்குப் பயணச் செலவும் உணவும் கிடைக்காவிட்டால், சேவை என்பது வசதி படைத்தோரின் உரிமையாகவே சுருங்கிவிடும். ஊதியம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு மாணவர்களை இலவச ஆள்களாகப் பயன்படுத்துவதும் கூடாது.

எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை மட்டும் கணக்கிடும் கல்லூரிகள், அந்த உழைப்பிலிருந்து என்ன கற்றார் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். அப்போதுதான் 1969-ல் கண்ட கனவு நனவாகும்.