அத்தாவின் தொழுகை கூடுமா?

சுப்ஹுத் தொழுகையில் குனூத் ஓதுவது ஷாபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். விடுபட்டால் ஸஜ்தா ஸஹ்வு செய்துகொள்ள வேண்டும். கடற்கரை ஊர் மதரஸா ஒன்றில் நாம் இப்பாடத்தைச் சற்று அழுத்தமாகவே நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், எங்க அத்தா குனூத் ஓதமாட்டாங்களே, அவங்க தொழுகை கூடாதா?" என்று கேட்டான். அவனுடைய தந்தை வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஹனபி. நாம் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. சொன்ன விதத்தில், ஒரு மகனின் கண்ணெதிரே அவன் தந்தையைக் குற்றவாளியாக்கிவிட்டிருந்தோம்.

கருத்து வேறுபாடே இருக்கலாகாது என்போர் உளர். அது நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருந்தது. அகழ்ப் போருக்குப் பின், பனூ குரைழாவினரின் இடத்தை அடைந்தே அஸ்ர் தொழ வேண்டும் என்று அவர்கள் கட்டளையிட்டார்கள். வழியிலேயே நேரம் வந்தது. சிலர் விரைந்து செல்வதே கட்டளையின் நோக்கம் எனக் கருதி அங்கேயே தொழுதனர். சிலர் சொல்லை அப்படியே ஏற்றுப் பிற்படுத்தினர். நபியவர்கள் இரு சாராரையும் கண்டிக்கவில்லை.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது மினாவில் நடந்ததுதான். நபியவர்களும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் ஹஜ்ஜின்போது அங்கே இரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழுதார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) தம் ஆட்சியின் பிற்பகுதியில் நான்காகத் தொழுதார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அதனை ஏற்கவில்லை. வருத்தத்தை மறைக்கவுமில்லை, இரண்டே தொழப்பட்டதை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்கள். ஆயினும் நான்காகவே தொழுதார்கள். காரணம் கேட்டபோது, பிளவு தீமையானது என்று விடையளித்தார்கள். தம் கருத்தில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காத அம்மனிதர் ஸஃப்பை விட்டு விலகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நிலை என்ன? தராவீஹ் எட்டா இருபதா என்ற வாதத்தில் உடன்பிறந்தோர் ஒருவர் வீட்டு நிக்காஹுக்கு மற்றவர் போவதில்லை. கைப்பேசியில் வரும் இரண்டு நிமிடப் பேச்சைக் கேட்டுவிட்டு, ஆயுளெல்லாம் கிதாபோடு கழித்த ஆலிமை வழிகேடர் என்கிறோம். மேடையில் நாமும் குரலை உயர்த்தியதுண்டு, மறைப்பானேன்? அகீதாவின் அடிப்படைகளைத் தொடும் வேறுபாடு தனி வகை. கையை எங்கே கட்டுவது, விரலை அசைப்பதா என்பவை அவ்வகையல்ல. இவற்றில் எதிர்த்தரப்பாரிடமும் ஆதாரம் இருக்கக்கூடும், அவரும் அல்லாஹ்வின் திருப்தியையே நாடுகிறார் என்று எண்ணுவதற்கு நம் தன்முனைப்பைத் தவிர வேறெதுவும் தடையில்லை.

ஷாபிஈ இமாமைப் பின்பற்றித் தொழும் ஹனபி, குனூத்தின்போது தாம் ஓதாமல் அமைதியாக நிற்கலாம் என ஹனபி நூல்கள் கூறுகின்றன. அச்சிறுவனின் தந்தை பல ஆண்டுகளாக நம் பள்ளிவாசலில், நம் தோளருகே அவ்வாறுதான் நின்றுவந்திருக்கிறார். மறுநாள் பாடத்தில் இதனைச் சொல்லி, "உன் அத்தாவின் தொழுகை கூடும், நாளை சுப்ஹில் அவர் பக்கத்தில் நின்று பார்" என்றோம்.